நோயுற்ற மூளைத் திசுவில் வைரஸைத் தேட எந்த முறையைத் தேர்வது?

மூளை வங்கியிலிருந்து ஆய்வகத்துக்கு வந்து சேரும் திசு மிகச் சிறியது. அல்சைமர் நோயால் இறந்த ஒருவரின் பொட்டுமடலிலிருந்து எடுத்து உறையவைத்த இருநூறு மில்லிகிராம் துண்டு ஒன்றும், அதற்கு அடுத்த பகுதியை ஃபார்மலினில் பதப்படுத்தி மெழுகில் பதித்த கட்டி ஒன்றும் கிடைத்தாலே அது நல்ல வாய்ப்புதான். அந்தத் திசுவில் ஹெர்பீஸ் சிம்ப்ளக்ஸ் வைரஸ் 1 இருக்கிறதா என்று அறிய வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். குறிப்பிட்ட மரபணுத் துண்டு ஒன்றைப் பல மடங்கு பெருக்கிக் காட்டும் பிசிஆர், திசுவிலுள்ள மரபணுத் துண்டுகளை எல்லாம் பாகுபாடின்றிப் படிக்கும் இலக்கற்ற வரிசையறிதல், தேடும் வரிசையோடு ஒட்டும் சிறு மரபணுத் துண்டுகளான புரோப்களால் கவர்ந்தெடுத்துச் செய்யும் வரிசையறிதல், அத்தகைய புரோப்களைத் திசுச் சீவலிலேயே ஒட்டவைத்துப் பார்க்கும் இன் சிட்டு ஹைப்ரிடைசேஷன், வைரஸ் புரதத்தோடு ஒட்டும் எதிர்ப்பொருளைக் கொண்டு செய்யும் எதிர்ப்பொருள் சாயமேற்றல் எனப் பல வழிகள் உள்ளன. அரைத்துக் கரைத்த திசுவை மறுபடி சீவிப் பார்க்க முடியாது. இறந்தவரின் குடும்பம் மனமுவந்து கொடுத்ததை இரண்டாம் முறை கேட்கவும் முடியாது. ஆகையால் எந்த முறையை எந்த வரிசையில் கையாள்வது என்பதைத் திசுவைத் தொடும் முன்பே முடிவு செய்துவிட வேண்டும்.

அந்த முடிவுக்கு முன், கேள்வி எது என்பது தெளிவாக வேண்டும். வைரஸின் மரபணுப்பொருள் திசுவில் இருக்கிறதா என்பது ஒரு கேள்வி. அது எந்த உயிரணுவில் இருக்கிறது, உறங்கிக் கிடக்கிறதா அல்லது பெருகிக்கொண்டிருக்கிறதா என்பது வேறொரு கேள்வி. 1995-இல் அமெரிக்க ஆய்வாளர்கள் பன்முகத் தடிப்பு நோய், அதாவது மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ், கண்டவர்களின் மூளைகளில் மனித ஹெர்பீஸ் வைரஸ் 6-ஐத் தேடினார்கள். பிசிஆர் சோதனையில் நோயாளிகளின் மூளைகளிலும் நோயற்றவர்களின் மூளைகளிலும் 70 சதவீதத்துக்கு மேல் அந்த வைரஸ் கிடைத்தது. இரு குழுக்களுக்கும் இடையே சொல்லத்தக்க வேறுபாடு இல்லை. ஆனால் எதிர்ப்பொருள் சாயமேற்றிப் பார்த்தபோது, நோயாளிகளின் மூளையில் மட்டும் நரம்பிழை உறையை உருவாக்கும் ஒலிகோடென்ட்ரோசைட் உயிரணுக்களின் கருவுக்குள் வைரஸ் புரதம் தென்பட்டது. பிசிஆருடன் நின்றிருந்தால் அந்த ஆய்வு எதையும் சொல்லியிருக்காது. அந்தக் கண்டுபிடிப்பைப் பற்றிய விவாதம் பிறகு நீண்டது என்றாலும், இருப்பை அறிவதும் இடத்தை அறிவதும் ஒன்றல்ல என்பதை அது அன்றே காட்டிவிட்டது.

அடுத்து ஒரு கணக்கைப் போட்டுப் பார்க்க வேண்டும்; என் கருத்தில் முறைகளுக்கு இடையிலான தேர்வில் பாதியை இந்தக் கணக்கே தீர்த்துவிடுகிறது. இரட்டைத் தொகுதி கொண்ட ஒரு மனித உயிரணுவின் டிஎன்ஏ ஏறத்தாழ 6.6 பிகோகிராம் எடையுள்ளது. ஒரு பிசிஆர் குழியில் 100 நானோகிராம் டிஎன்ஏ இட்டால், ஏறத்தாழ 15,000 உயிரணுக்களை ஒரே நேரத்தில் சோதிக்கிறோம். ஆயிரம் உயிரணுக்களுக்கு ஒன்றில் ஒரே ஒரு ஹெர்பீஸ் மரபணுத்தொகுதி இருந்தால், அந்தக் குழியில் சுமார் 15 பிரதிகள் இருக்கும். நன்றாக வடிவமைத்த பிசிஆர் அதைத் தவறாமல் பிடித்துவிடும். அதே டிஎன்ஏவை இலக்கற்ற வரிசையறிதலுக்கு அனுப்பினால் நிலைமை தலைகீழாகிறது. ஹெர்பீஸ் சிம்ப்ளக்ஸின் மரபணுத்தொகுதி 1,52,000 கார இணைகள் கொண்டது. மனித உயிரணுவினுடையதோ 620 கோடிக்கு மேல். ஆயிரத்தில் ஓர் உயிரணு என்ற அதே அளவில் 4 கோடி வரிசைத் துண்டுகளைப் படித்தாலும் வைரஸுக்கு உரியதாக ஒரே ஒரு துண்டு கிடைத்தால் அதிகம். ஒற்றைத் துண்டை வைத்துக்கொண்டு வைரஸ் இருக்கிறது என்று எழுத எந்த ஆய்வாளருக்கும் துணிவு வரக்கூடாது.

ஆகவே எதைத் தேடுகிறோம் என்பது முன்பே தெரிந்திருந்து, அது மிகக் குறைந்த அளவில் இருக்கலாம் என்று எதிர்பார்க்கும் இடத்தில், பிசிஆருக்கு நிகரான முறை இல்லை. 1991-இல் மான்செஸ்டரில் ரூத் இட்ஸாக்கியின் குழுவினர் முதியவர்களின் மூளைகளில் ஹெர்பீஸ் சிம்ப்ளக்ஸ் 1-இன் டிஎன்ஏவைக் கண்டதும் பிசிஆரின் துணையால்தான். அல்சைமர் நோயாளிகளின் மூளைகளில் மட்டுமன்றி நோயற்ற முதியவர்களின் மூளைகளிலும் அது இருந்தது. அதே குழு 1997-இல், வைரஸோடு ஏபிஓஇ மரபணுவின் 4-ஆம் வகையும் சேர்ந்திருப்பதே நோய்க்கான இடரைக் கூட்டுகிறது என்ற கருத்தை முன்வைத்தது. அந்தக் கருத்து சரியா தவறா என்பது இன்னும் முடியாத விவாதம். முறையைத் தேர்பவர் இதிலிருந்து கவனிக்க வேண்டியது இதுதான்: நோயற்றவரின் மூளையிலும் இருக்கக்கூடிய ஒரு வைரஸைப் பற்றி, உண்டு அல்லது இல்லை என்ற விடையை மட்டும் தரும் பிசிஆர் மிகக் குறைவாகவே சொல்கிறது. எத்தனை பிரதிகள் என்ற எண் வேண்டும்.

அந்த எண்ணைத் தருவதில் டிஜிட்டல் பிசிஆர் பழைய முறைகளைவிட ஒரு படி மேலானது. ஒரே கலவையை ஏறத்தாழ 20,000 நுண்துளிகளாகப் பிரித்து, ஒவ்வொரு துளியிலும் தனித்தனியாக வினை நிகழவிட்டு, ஒளிரும் துளிகளை எண்ணுவதால், தெரிந்த அளவுகளைக் கொண்டு வரையும் தரக்கோடு எதையும் சாராமல் பிரதிகளின் எண்ணிக்கை நேரடியாகக் கிடைக்கிறது. அதே துளிகளில் மனித மரபணு ஒன்றையும் சேர்த்து எண்ணினால், இத்தனை உயிரணுக்களுக்கு இத்தனை வைரஸ் என்று சொல்லிவிடலாம். மனித ஹெர்பீஸ் வைரஸ் 6-ஐத் தேடுபவர்களுக்கு இந்த விகிதம் தவிர்க்கவே முடியாதது. மக்களில் ஏறத்தாழ 1 சதவீதத்தினர் அந்த வைரஸின் முழு மரபணுத்தொகுதியையும் தங்கள் குரோமோசோமிலேயே பெற்றோரிடமிருந்து பெற்றிருக்கிறார்கள். அத்தகையவரின் மூளையில் உயிரணுவுக்கு ஒன்று என்ற அளவில் வைரஸ் டிஎன்ஏ கிடைக்கும். எண்ணிக்கையை மட்டும் பார்ப்பவருக்கு அது கடுமையான தொற்றாகத் தோன்றும். விகிதம் ஒன்றுக்கு ஒன்றாக இருப்பதைக் காண்பவர்தான், அதே நபரின் வேறொரு திசுவையும் சோதித்துப் பார்த்து, அது தொற்று அல்ல, மரபுவழி வந்தது என்று அறிவார்.

பிசிஆரின் குறைகள் இரண்டு. முதலாவது, பெருக்கத்தைத் தொடங்கிவைக்கும் சிறு டிஎன்ஏ துண்டான பிரைமர் இலக்கோடு பொருந்தினால்தான் அது வேலை செய்யும். தட்டம்மைக்குப் பல ஆண்டுகள் கழித்துக் குழந்தைகளையும் இளைஞர்களையும் தாக்கும் எஸ்எஸ்பிஇ என்னும் மூளை அழற்சியில், மூளைக்குள் தங்கிய தட்டம்மை வைரஸின் ‘எம்’ (M) மரபணு அளவுக்கு மீறிய பிறழ்வுகளால் உருக்குலைந்து கிடக்கும். அந்த மரபணுவை இலக்காகக் கொண்ட பிசிஆர் வைரஸ் நிறைந்த திசுவிலும் எதிர்மறை முடிவைத் தரக்கூடும். ஆர்என்ஏ அதிகமாக உருவாகும் ‘என்’ (N) மரபணுவை இலக்காக்குவதே பாதுகாப்பானது. இரண்டாவது குறை பெரியது: பிசிஆரின் நுட்பமே அதன் பகை. ஆய்வகக் காற்றில் மிதக்கும் பழைய வினைப்பொருள், நேர்மறைக் கட்டுப்பாட்டுக்காக வைத்திருக்கும் பிளாஸ்மிட் என்னும் வட்ட டிஎன்ஏ, பிரேதப் பரிசோதனையில் பயன்பட்ட கத்தி என எதிலிருந்து வந்த மூலக்கூறானாலும் அதை அது பெருக்கிக் காட்டும். எக்ஸ்எம்ஆர்வி என்ற ரெட்ரோவைரஸ் நீடித்த களைப்பு நோயாளிகளின் இரத்தத்தில் இருப்பதாக 2009-இல் சயன்ஸ் இதழில் வந்த ஆய்வு 2011-இல் திரும்பப் பெறப்பட்டது. மனிதக் கட்டியை எலிகளில் ஒட்டி வளர்த்தபோது இரண்டு எலி வைரஸ்கள் இணைந்து ஆய்வகத்திலேயே உருவான வைரஸ் அது. அதை நம்பி மருந்து எடுத்துக்கொள்ளத் தொடங்கிய நோயாளிகளும் இருந்தார்கள் என்பதை நினைக்கும்போது, மாசு என்பது வெறும் தொழில்நுட்பச் சிக்கலாகத் தோன்றுவதில்லை.

வரிசையறிதலுக்கு இந்த ஆபத்து இல்லை என்று எண்ணிவிடக் கூடாது. 2013-இல், சீனாவில் கல்லீரல் அழற்சி கண்டவர்களிடம் புதிய வைரஸ் ஒன்று கண்டறியப்பட்டதாக அறிவிக்கப்பட்டது. மரபணுப்பொருளைப் பிரித்தெடுக்கப் பயன்படும் சிலிக்கா குழாய்களிலிருந்தே அந்த வைரஸ் வந்தது என்பதை அதே ஆண்டு மற்றொரு குழு நிறுவியது. மூளை ஆய்வுகளில் வேறு வகையான மயக்கங்களும் உண்டு. சைட்டோமெகலோவைரஸின் ஒரு புரோமோட்டர் பகுதி, அதாவது மரபணுவை இயங்கச் செய்யும் பகுதி, உலகெங்கும் ஆய்வகப் பிளாஸ்மிட்களில் பயன்படுகிறது. ஆகவே கிளியோபிளாஸ்டோமா என்னும் மூளைப் புற்றில் அந்த வைரஸின் துண்டுகள் கிடைத்தால், அவை மரபணுத்தொகுதி முழுதும் பரவியுள்ளனவா, அந்த ஒரே பகுதியில் குவிந்துள்ளனவா என்பதை முதலில் பார்க்க வேண்டும். மனித ஹெர்பீஸ் வைரஸ் 6, 7 ஆகியவற்றின் முனைகளில் மனித குரோமோசோம் முனைகளைப் போன்ற வரிசைகளே திரும்பத் திரும்ப வருகின்றன. கவனக்குறைவான கணினிப் பகுப்பாய்வில் மனித டிஎன்ஏவே வைரஸ் என்று கணக்கில் ஏறிவிடும். 2018-இல் நியூரான் இதழில் வந்த பெரிய ஆய்வு ஒன்று, மூளை வங்கிகளின் ஆர்என்ஏ வரிசைத் தரவுகளை ஆராய்ந்து, அல்சைமர் நோயாளிகளிடம் 6ஏ, 7 ஆகிய வைரஸ்கள் கூடுதலாக உள்ளன என்று கூறியது. 2020-இல் அதே இதழில் மற்றொரு குழு பல மூளைத் தொகுப்புகளின் வரிசைத் தரவுகளை மீளாய்ந்ததோடு டிஜிட்டல் பிசிஆரும் செய்து, மனித ஹெர்பீஸ் வைரஸ் 6 நோயாளிகளிடம் கூடுதலாக இல்லை என்று அறிவித்தது. வரிசையறிதலில் எழுந்த ஒரு கூற்றை வேறு முறை கொண்டு சரிபார்த்தே தீரவேண்டும் என்பதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டை நான் அறியேன்.

அப்படியானால் இலக்கற்ற வரிசையறிதல் எங்கே தேவை? நோயாளி கடும் மூளை அழற்சியால் துடிக்கும்போது, அல்லது இறந்தபின், வழக்கமான சோதனைகள் எல்லாம் எதிர்மறையாக வந்து, எந்த வைரஸைத் தேடுவது என்பதே தெரியாத நிலையில் அதற்கு மாற்று கிடையாது. ஆஸ்திரேலியாவில் ஒரே கொடையாளியிடமிருந்து உறுப்புகளைப் பெற்ற மூவர் அடுத்தடுத்து இறந்தபோது, வளர்ப்புச் சோதனையும் பிசிஆரும் பயன் தரவில்லை. மூளை உள்ளிட்ட திசுக்களின் ஆர்என்ஏவை வரிசையறிந்ததில் கிடைத்த 1,03,632 துண்டுகளில் 14 துண்டுகள் மட்டும், அதுவரை அறியப்படாத ஓர் அரீனாவைரஸைச் சேர்ந்தவையாக இருந்தன. 2008-இல் வெளியான அந்த ஆய்வில் குழுவினர் அத்துடன் நிற்கவில்லை. அந்தத் துண்டுகளைக் கொண்டு பிசிஆர் வடிவமைத்து, மூவரிடமும் வைரஸ் இருப்பதை உறுதிசெய்தார்கள். எதிர்ப்பாற்றல் குறைந்த 15 வயதுச் சிறுவன் ஒருவனின் மூளையில் ஆஸ்ட்ரோவைரஸ் இருந்ததும் இந்த வழியில்தான் 2010-இல் வெளிவந்தது. வயிற்றுப்போக்கோடு மட்டும் தொடர்புபடுத்தப்பட்டு வந்த அந்த வைரஸ் குடும்பத்தை மனித மூளையில் தேட வேண்டும் என்று யாருக்கும் முன்கூட்டித் தோன்றியிருக்காது. கடும் தொற்றில் வைரஸின் ஆர்என்ஏ பெருமளவில் இருப்பதால் மேலே சொன்ன கணக்கின் தடை அங்கே தளர்ந்துவிடுகிறது. நீண்டகாலச் சிதைவு நோய்களில் அது தளர்வதில்லை.

ஜெர்மனியில் நடந்த போர்னா வைரஸ் தேடலில் இந்த இரு முறைகளும் முறையாகக் கைகோத்தன. பல்வண்ண அணில்களை வளர்த்த மூவர் மூளை அழற்சியால் இறந்ததன் காரணம், அணில் ஒன்றின் திசுவை இலக்கின்றி வரிசையறிந்தபோது வெளிப்பட்டது. அந்த வரிசையிலிருந்து வடிவமைத்த பிசிஆர் மூவரின் மூளைகளிலும் வைரஸைக் காட்டியது. 2015-இல் அது வெளியானது. அதன்பின் அதன் உறவு வைரஸான போர்னா நோய் வைரஸ் 1-ஐ, பழைய மூளை அழற்சி நோயாளிகளின் சேமித்த திசுக்களில் பிசிஆர் கொண்டு தேடியபோது, பல ஆண்டுகளுக்கு முன் காரணம் அறியாமல் இறந்தவர்களிடமும் அது இருந்தது தெரியவந்தது. கண்டுபிடிக்க வரிசையறிதலும் பரவலை அறியப் பிசிஆருமாக அமைந்த இந்த ஒழுங்கையே நான் பின்பற்றத்தக்கது என்று கருதுகிறேன்.

இவ்விரண்டுக்கும் நடுவே நிற்பது புரோப்களால் கவர்ந்தெடுத்துச் செய்யும் வரிசையறிதல். முதுகெலும்பிகளைத் தாக்கும் வைரஸ்கள் அனைத்துக்கும் பொருந்தும்படி அமைத்த புரோப்களைக் கலவையில் இட்டு, அவற்றோடு ஒட்டும் துண்டுகளை மட்டும் பிரித்தெடுத்துப் படிக்கும் முறை இது. 2015-இல் அறிமுகமான இத்தகைய தொகுப்பு ஒன்று வைரஸ் துண்டுகளை நூறு மடங்கிலிருந்து பத்தாயிரம் மடங்கு வரை கூட்டிக் காட்டியது. மேலே போட்ட கணக்கில் அந்த ஒற்றைத் துண்டு நூற்றுக்கணக்கில் உயர்ந்தால், மரபணுத்தொகுதியின் எந்தெந்தப் பகுதிகள் இருக்கின்றன, எந்த வகை வைரஸ், ஆய்வகங்களில் வளர்க்கப்படும் வைரஸ் கிளைவகையோடு அது ஒத்துப்போகிறதா என்றெல்லாம் கேட்கலாம். மாசு என்ற ஐயத்தைத் தீர்க்க இதைவிட நல்ல கருவி இல்லை. ஏனெனில், நோயாளிகள் எல்லோரிடமும் ஒரே வரிசை கிடைத்து, அது ஆய்வகத்தில் வளர்க்கும் கிளைவகையோடு எழுத்துக்கு எழுத்து ஒத்திருந்தால், அது நோயாளிகளிடமிருந்து வந்ததல்ல என்று உறுதியாகச் சொல்லிவிடலாம். செலவு கூடுதல், நாட்கள் கூடுதல் என்பதால் எல்லா மாதிரிகளுக்கும் இதைச் செய்ய இயலாது. பிசிஆரில் நேர்மறையான சிலவற்றுக்குச் செய்தாலே போதும்.

இனி இடம் பற்றிய கேள்வி. திசுவை அரைத்த கணத்தில் அதிலுள்ள இரத்தமும் கலந்துவிடுகிறது. எப்ஸ்டைன்-பார் வைரஸ் பெரும்பாலான பெரியவர்களின் இரத்தத்தில் பி உயிரணுக்கள் என்னும் வெள்ளையணுக்களுக்குள் உறங்குகிறது. மூளையின் நுண்குழாயில் தங்கிய ஓர் உயிரணுவே பிசிஆரை நேர்மறையாக்கப் போதுமானது. இன் சிட்டு ஹைப்ரிடைசேஷன் மட்டுமே அந்த உயிரணு குழாய்க்குள் இருக்கிறதா, மூளைத் திசுவுக்குள் நுழைந்துவிட்டதா என்பதைக் கண்ணுக்குக் காட்டும். இந்த வைரஸின் இபிஇஆர் என்ற சிறு ஆர்என்ஏக்கள் தொற்றுக்குள்ளான உயிரணு ஒன்றில் லட்சக்கணக்கில் குவிவதால், அவற்றைத் தேடுவது மிக நுட்பமான சோதனையாகிறது. அப்படியிருந்தும் முடிவுகள் முரண்பட்டன. 2007-இல் இத்தாலியக் குழு ஒன்று பன்முகத் தடிப்பு நோயாளிகள் 22 பேரில் 21 பேரின் மூளைகளில் இபிஇஆர் இருப்பதாக அறிவித்தது. பின்னர் வேறு பல குழுக்களால் அதை மீளக் காண முடியவில்லை. எந்தப் பகுதியைச் சீவினார்கள், சாயத்தின் பின்னணியை எப்படிப் பிரித்தறிந்தார்கள் என்பவற்றிலேயே விவாதம் சிக்கிக்கொண்டது. அந்த வைரஸுக்கும் நோய்க்கும் உள்ள தொடர்புக்கு மிக வலுவான சான்று 2022-இல் அமெரிக்கப் படைவீரர்களின் இரத்த மாதிரிகளிலிருந்து வந்தது, மூளைத் திசுவிலிருந்து அல்ல; தொற்றுக்குப் பின் நோயின் இடர் 32 மடங்கு உயர்வதை அது காட்டியது. திசுவில் கிடைக்காததால் வைரஸுக்குப் பங்கே இல்லை என்று எழுதிவிடக் கூடாது என்பதற்கும் இதுவே சான்று.

இன் சிட்டு முறைகளுக்குள்ளும் தேர்வு உண்டு. 2012-இலிருந்து பரவியுள்ள, இரண்டு புரோப்கள் அருகருகே ஒட்டினால் மட்டுமே ஒளி பெருகும் வகையைத் தேர்வதே நல்லது. தவறான ஒளி அதில் வெகுவாகக் குறைகிறது. சீவலுக்குள்ளேயே பிசிஆர் செய்யும் பழைய முறையை நான் பரிந்துரைக்க மாட்டேன். 2009-இல் மான்செஸ்டர் குழுவினர் அதைக் கொண்டு அல்சைமர் மூளைகளின் அமிலாய்ட் படிவுகளில் 90 சதவீதத்தில் ஹெர்பீஸ் டிஎன்ஏ இருப்பதாகக் கண்டனர். வியப்பூட்டும் முடிவுதான், ஆனால் பெருகிய டிஎன்ஏ உருவான இடத்திலிருந்து நகர்ந்து அருகில் படிவது அந்த முறையின் இயல்பான குறை என்பதால், இன்றைய புரோப் முறைகளால் அது உறுதிப்படும்வரை அதன்மேல் பெரிய கட்டடம் எழுப்ப முடியாது. இன்னொன்றையும் மறக்கலாகாது. ஒரு சதுர சென்டிமீட்டர் பரப்பும் 5 மைக்ரான் தடிப்பும் கொண்ட ஒரு சீவலில் இருப்பது சில பத்தாயிரம் உயிரணுக்களே. லட்சத்தில் ஒன்றில் இருக்கும் வைரஸை ஒரு சீவலில் தேடி இல்லை என்று முடிவு கட்டுவது, ஒரே ஒரு பிசிஆர் குழியை நம்புவதைப் போன்ற தவறு.

எதிர்ப்பொருள் சாயமேற்றல் மரபணுப்பொருளைக் காட்டுவதில்லை, புரதத்தைக் காட்டுகிறது என்பதால் இங்கே அதற்கு இடம் சிறிது. வெறிநாய்க்கடி நோயில் மூளைத்தண்டின் திசுவை ஒளிரும் எதிர்ப்பொருளால் சோதிப்பது இன்றும் நம்பத்தக்க அளவுகோல். பெங்களூரு நிம்ஹான்ஸ் போன்ற நிறுவனங்களில் அதோடு பிசிஆரும் துணை நிற்கிறது. வைரஸ் குறைவாக உள்ள நோய்களில் சாயம் தனியாக நம்பத்தக்கதல்ல. கிளியோபிளாஸ்டோமாவில் சைட்டோமெகலோவைரஸ் புரதம் பரவலாக உள்ளது என்று 2002-இல் கூறப்பட்டபின், சில குழுக்கள் அதைக் கண்டதும் சில குழுக்கள் காணாததும், பெரிய வரிசைத் தரவுகளில் வைரஸ் ஏறக்குறைய இல்லாததும் இதைக் காட்டின.

திசுவின் நிலையும் தேர்வைக் கட்டுப்படுத்துகிறது. ஃபார்மலின் டிஎன்ஏவையும் ஆர்என்ஏவையும் புரதத்தோடு பிணைத்துத் துண்டாக்குகிறது. மெழுகுக் கட்டி மட்டுமே கையிலிருந்தால் பிசிஆரின் இலக்கை நூறு கார இணைகளுக்குள் வைத்துக்கொள்ள வேண்டும். மனித மரபணு ஒன்று அதே நீளத்தில் பெருகுகிறதா என்று முதலில் பார்த்துவிட்டுத்தான் எதிர்மறை முடிவை ஏற்க வேண்டும். நீண்ட வரிசைகளும் ஆர்என்ஏவும் தேவையானால் உறைந்த திசுவைத் தவிர வேறு வழியில்லை. இன் சிட்டு முறைக்கோ மெழுகுக் கட்டியே சிறந்தது. ஆகவே இரண்டு வடிவங்களும் கிடைத்தால் அவை ஒன்றுக்கொன்று போட்டியல்ல. உறைந்தது எண்ணிக்கைக்கும் வரிசைக்கும், மெழுகில் பதித்தது இடத்துக்கும்.

தொடக்கத்தில் சொன்ன அல்சைமர் திசுவுக்கு என் முடிவு பின்வருமாறு. உறைந்த துண்டில் இருபது மில்லிகிராமைத் தூய கத்தியால் உள்பகுதியிலிருந்து எடுத்து டிஎன்ஏ பிரிப்பேன். அந்த அளவில் 2 மைக்ரோகிராம், அதாவது ஏறத்தாழ மூன்று லட்சம் உயிரணுக்களின் டிஎன்ஏ எளிதாகக் கிடைக்கும். அதை இருபது குழிகளில் பிரித்து டிஜிட்டல் பிசிஆர் செய்தால், லட்சத்தில் ஓர் உயிரணுவில் இருக்கும் வைரஸையும் தவறவிடும் வாய்ப்பு 5 சதவீதமே. வைரஸின் இரு வேறு மரபணுக்களும் மனித மரபணு ஒன்றும் இலக்குகளாக இருக்க வேண்டும். ஒரே வயதினரான, அதே வங்கியில் அதே விதமாகச் சேமிக்கப்பட்ட நோயற்றவர்களின் திசுக்களோடு கலந்து, யாருடையது எது என்று அறியாதவர் சோதிக்க வேண்டும். திசுவே இல்லாமல் எல்லாப் படிகளையும் கடந்து வரும் வெற்று மாதிரிகள் ஒவ்வொரு தொகுதியிலும் இருக்க வேண்டும். நேர்மறைக் கட்டுப்பாடாக, இயற்கையில் இல்லாத ஒரு சிறு வரிசையைச் செருகிய செயற்கை டிஎன்ஏவைப் பயன்படுத்தினால், அது கசிந்து பிற குழிகளில் கலந்தாலும் கண்டுகொள்ளலாம்.

நேர்மறையான மாதிரிகளில் சிலவற்றைக் கவர்ந்தெடுத்து வரிசையறிந்து, அவை ஒன்றிலிருந்து ஒன்று வேறுபடுகின்றனவா என்று பார்ப்பேன். அதன்பிறகே மெழுகுக் கட்டிகளை எடுத்து, உறக்க நிலையில் உருவாகும் ஆர்என்ஏவுக்கு ஒரு புரோப், பெருக்க நிலையில் உருவாகும் ஆர்என்ஏவுக்கு மற்றொரு புரோப் என இரண்டையும் இட்டு, ஒவ்வொரு கட்டியிலிருந்தும் பல சீவல்களைச் சோதிப்பேன். இலக்கற்ற வரிசையறிதலுக்கு இந்தத் திசுவில் ஒரு துளியும் செலவிட மாட்டேன். காரணம் அறியாத மூளை அழற்சியால் இறந்த ஒருவரின் திசு கையில் இருந்தால் மட்டும் இந்த வரிசையைத் தலைகீழாக மாற்றி, உறைந்த துண்டின் ஆர்என்ஏவை முதலில் இலக்கின்றிப் படித்து, கிடைத்த வரிசைக்கேற்ற பிசிஆரையும் புரோப்பையும் பிறகு வடிவமைப்பேன்.